வாழ்ந்ததை எழுதி வைப்பது எப்படி: ஒரு பத்திர எழுத்தர் சொல்லும் வழி

"நான் பிறந்தது" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் பிறந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். அறுபது தாண்டியவர்கள் ஆசையாக நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ஊர், நட்சத்திரம், தாய் தகப்பன் பெயர் எழுதி, இரண்டாம் பக்கத்தில் "அது ஒரு பொற்காலம்" என்று எழுதி, மூன்றாம் பக்கம் வெறும் தாளாகக் கிடப்பதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டு பிறகு பால் கணக்குக்குப் போய்விடும்.

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். திருநெல்வேலிச் சீமையில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் கிரயம், பாகப்பிரிவினை, உயில், செட்டில்மெண்ட் என்று அடுத்தவர் விஷயத்தை எழுதியே தலை நரைத்தது. இப்போது கண்ணில் புரை எடுத்து, கடையையும் எடுத்துக் கட்டிவிட்டு வீட்டோடு இருக்கிறேன். பத்திரத்துக்கு வருகிற ஆள் நின்றுவிட்டது. "அண்ணாச்சி, எங்க அப்பா கதையை எழுதி வைக்கணும், எங்கன இருந்து ஆரம்பிக்க?" என்று கேட்டு வருகிற ஆட்கள் மட்டும் நிற்கவில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன்.

பத்திரத்தில் "நல்ல நஞ்சை நிலம்" என்று எழுதிக் கொண்டு போனால் பதிவு ஆகாது. எந்தக் கிராமம், எந்த சர்வே எண், எவ்வளவு விஸ்தீரணம், வடக்கே யார் நிலம், கிழக்கே எந்த வாய்க்கால் என்று இருக்க வேண்டும். அப்போதுதான் அது உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்த ஒரே துண்டு நிலம். வாழ்க்கையை எழுதும்போதும் எனக்குத் தெரிந்த முறை இதுதான். "ரொம்பக் கஷ்டப்பட்டோம்" என்று எழுதினால் அது யாருடைய கஷ்டமாகவும் இருக்கலாம். "பிசான நெல் வெள்ளாமை பொய்த்த வருஷம், செக்கடித் தெரு கடைக்காரர் அரிசி கடன் தர மாட்டேன் என்றுவிட்டார், அம்மா கால் கொலுசைக் கழற்றி என்னிடம்தான் கொடுத்தனுப்பினாள்" என்று எழுதினால் அது உங்கள் வீடு. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அந்த வரியை அடுத்த தெருக்காரர் அப்படியே அவருடைய நோட்டில் எழுதிக்கொள்ள முடியுமானால் அடித்துவிடுங்கள்.

நோட்டும் பேனாவும்

கோடு போட்ட பெரிய நோட்டு. பால்பாயிண்ட் பேனா. மைப்பேனா, ஜெல் பேனா இரண்டும் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஆறு பெருகி வந்தபோது இந்தக் காரணத்தைக் கண்ணால் பார்த்தேன். மார்கழி பிறந்த அன்று ஆரம்பித்த மழை; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்குப் பின்னால் எங்கள் பக்கத்து வீடுகளில் ஈரக் காகிதங்களை வீட்டு முகப்பில் இருக்கிற தார்சாவில் பரப்பி வைத்திருந்தார்கள். மையில் எழுதினதெல்லாம் நீலச் சாயமாகக் கரைந்து போயிருந்தது. பால்பாயிண்டில் எழுதின மளிகைச் சிட்டைகூட வாசிக்க முடிந்தது. பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை உள்ளது, தண்ணீருக்கு லேசில் கரையாது.

வலது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடது பக்கம் காலியாக இருக்கட்டும், காரணம் பின்னால் சொல்கிறேன். தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடாக அடித்து மேலே திருத்துங்கள், அடித்தது வாசிக்கத் தெரிய வேண்டும். பத்திரத்தில் அடித்தல் திருத்தலைக் கடைசியில் குறித்துக் கையெழுத்துப் போடுவது அதற்காகத்தான். முதலில் "அப்பா அடித்தார்" என்று எழுதி, அதை அடித்துவிட்டு "அப்பா கண்டிப்பானவர்" என்று மாற்றியிருந்தால், வாசிக்கிற பேத்திக்கு இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

கை நடுங்குகிறவர்கள் போனில் பேசிப் பதிவு செய்யலாம். ஆனால் ஒரு கேள்விக்கு ஒரு பதிவு என்று வையுங்கள். இரண்டு மணி நேரப் பதிவை யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள், பெற்ற பிள்ளையும்தான்.

தகரப்பெட்டியைத் திறங்கள்

நிலம் விற்க வருகிறவரிடம் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம், அந்த நிலம் அவருக்கு எப்படி வந்தது என்று காட்டுகிற பழைய பத்திரம். அதுபோல, எழுத உட்காரும் முன் வீட்டில் இருக்கிற காகிதங்களை எடுத்து வெளியே போடுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகைகள், ஜாதகக் குறிப்பு, மருத்துவமனைச் சீட்டு, பீடி சுற்றிய பெண்கள் இருக்கிற வீடென்றால் அவர்களுடைய பி.எஃப். காகிதம். அதிலும் மொய் நோட்டு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மொய் நோட்டைப் பழைய காகிதக்காரனுக்குப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் அண்ணன் கல்யாண மொய் நோட்டு என்னிடம் இருக்கிறது. 1976. முதல் வரி பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே "தாய்மாமன் சீர்: பித்தளைக் குடம் 1, ரூ.51". அப்புறம் தெரு வாரியாக வருகிறது. மேலத்தெரு, ரூ.2. செக்கடி வீடு, ரூ.2. வீரவநல்லூர் தறிக்காரர், துண்டு 1, ரூ.5. பத்தமடை மாமா, கல்யாணப் பாய் 1. பாயில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்தே கொண்டு வந்திருந்தார், பத்தமடைக் கோரைப்பாய்க்கு அப்போதே அந்தப் பெருமை உண்டு. நான்காம் பக்கம் நடுவில் கையெழுத்து மாறுகிறது. அதுவரை எழுதியது வாத்தியார் கை, முத்து முத்தாக இருக்கும். அதற்குப் பிறகு கோழி கிளறியது போல. வாத்தியார் பந்தியில் உட்காரப் போய்விட்டார், நோட்டை யாரோ சின்னப்பயல் கையில் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி: "பம்பாய், மணியார்டர், ரூ.25".

இந்த ஒரு நோட்டிலிருந்து எத்தனை கேள்வி எழுகிறது பாருங்கள். எல்லோரும் இரண்டு ரூபாய் எழுதின காலத்தில் இருபத்தைந்து அனுப்பிய பம்பாய்க்காரர் யார், அவர் எப்போது போனார், ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை? பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஏன் நோட்டிலேயே இல்லை? அது வரப்புத் தகராறு நடந்த வருஷமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். "பிறந்தது வளர்ந்தது" என்று யோசித்துக்கொண்டு உட்கார வேண்டிய அவசியமே வராது.

போட்டோவுக்கு ஒரு வார்த்தை. பின்பக்கம் பென்சிலால் மெதுவாக, "இடமிருந்து வலம்" என்று எல்லோர் பெயரையும் உறவையும் எழுதுங்கள். பேனா அழுத்தினால் முன்பக்கம் வரி விழும். "நான்" என்று எழுதாதீர்கள். உங்கள் கொள்ளுப்பேரனுக்கு அந்த "நான்" யாரென்று தெரியாது.

வருஷம் பிடிப்பது

நம் வயதுக்காரர்களுக்குப் பெரிய தொல்லை தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் அஞ்சு வயசு. பள்ளி திறக்கிற மாதத்தை ஒட்டி ஹெட்மாஸ்டர் ஒரு தேதி போட்டுவிடுவார். அப்படித்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள் ஆனோம். எனவே சான்றிதழ் தேதியை மட்டும் நம்பி எழுதாதீர்கள்; ஜாதகக் குறிப்பு இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டையும் எழுதுங்கள்.

பெரியவர்கள் தமிழ் வருஷம் சொல்வார்கள். அது அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பும் என்பதால் கவனம் வேண்டும். "தாத்தா குரோதி வருஷம் கார்த்திகையில் தவறினாவ" என்றால் அது 1904-ஆகவும் இருக்கலாம், 1964-ஆகவும் இருக்கலாம். அடுத்த கேள்வியை உடனே கேளுங்கள்: "அதுக்கு அடுத்த மாசந்தானே தனுஷ்கோடியக் கடல் கொண்டது?" ஆமாம் என்றால் 1964. கிடைத்துவிட்டது.

பழைய ஓலையோ முத்திரைத்தாளோ கையில் இருந்தால் அதில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு, இருக்கலாம். நம் பக்கம் அது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரையான தேதிக்கு 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825. நில வரிக் காகிதத்தில் பசலி என்கிற வரி வருஷக் கணக்கு இருக்கும். அது ஜூலையில் ஆரம்பிக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும்.

காகிதத்தில் தேதி கிழிந்து போயிருந்தால் மாவட்டத்தின் பெயரைப் பாருங்கள். "நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்" என்று இருந்தால் அது பெரும்பாலும் 1986-ல் தூத்துக்குடி பிரிந்ததற்கும் 1997-ல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயரை எடுத்ததற்கும் நடுவில் உள்ளது. தென்காசி திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தால் 2019 நவம்பருக்கு முந்தியது. காலணா, ஓட்டைக் காலணா என்று பேசினால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்திய ஞாபகம், நயா பைசா வந்தது அப்போதுதான்.

இன்னும் சுலபமான வழி, எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற நாட்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. எமர்ஜென்சி 1975 ஜூன், காமராஜர் அதே வருஷம் அக்டோபர் 2. இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24. தாமிரபரணி வெள்ளம் 1992 நவம்பர். "எம்.ஜி.ஆர். செத்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பஸ் ஓடாமல் நடந்தே ஊர் வந்த கதை ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அந்தக் கதையில் இடுப்பில் இருந்த குழந்தைக்கு எத்தனை மாசம் என்பதும் வந்துவிடும். அதிலிருந்து பின்னால் எண்ணிக்கொள்ளலாம்.

நாலு எல்லை

எழுத ஆரம்பிக்கிற இடம் இதுதான். நீங்கள் வளர்ந்த வீட்டைப் படமாகப் போடுங்கள். தார்சா எங்கே, பட்டாசல் என்கிற கூடம் எங்கே, அரங்குவீடு என்கிற உள்ளறை, அடுக்களை, மச்சுப்படி, புறவாசல், கிணறு, மாட்டுத்தொழு. யார் எங்கே படுத்தார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் பெயர் எழுதுங்கள். சாமி படம் எந்தச் சுவரில், நெல் எந்த மூலையில். என் கூட வேலை பார்த்த ஒருவர் இப்படிப் போட்டுக் கொண்டு வந்தபோது, அவருடைய அம்மா பெயர் எந்த அறையிலும் இல்லை. "அம்மா எங்கவே படுப்பாவ?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அடுக்களை வாசல்படியில் தலை வைத்துப் படுப்பார்கள் என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் எழுதிய பக்கம்தான் அவர் நோட்டிலேயே நல்ல பக்கம்.

வீடு முடிந்ததும் வாசலை விட்டு இறங்கி ஆற்றுக்கு நடங்கள், காகிதத்தில்தான். வலது பக்கம் யார் வீடு, இடது பக்கம் யார் வீடு, எந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருப்பார், எங்கே நாய் குரைக்கும். எங்கள் வழியில் கன்னடியன் கால் குறுக்கே போகும். ஊருக்கு ஊர் கால்வாய்ப் பெயர் மாறும், கோடைமேலழகியான், நதியுண்ணி, கோடகன், பாளையங்கால் என்று. உங்கள் கால்வாயின் பெயரை எழுதுங்கள், "வாய்க்கால்" என்று விட்டுவிடாதீர்கள். கார் நடவுக்குத் தண்ணீர் எப்போது வரும், பிசானத்துக்கு எப்போது வரும், அடைத்தால் கால்வாய்க்குள் என்ன மீன் கிடைக்கும் என்பதெல்லாம் இனிமேல் கேட்டால் சொல்ல ஆள் கிடையாது.

இதில் ஒன்றை விட்டுவிடாமல் எழுத வேண்டும். எந்தப் படித்துறையில் யார் குளிக்கலாம், எந்தத் தெருவில் யார் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்கள், டீக்கடையில் யாருக்குத் தனி கிளாஸ். ஊர் அருமையாக இருந்தது என்று எழுதுகிறவர்கள் யாருக்கு அருமையாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதை எழுதாத ஊர் வர்ணனையை நான் பாதியில் மூடி வைத்துவிடுவேன்.

பேச மாட்டேன் என்கிறவர்களைப் பேச வைப்பது

ஆண்களுக்கு ஒரு கேள்வி போதும், வேலையைப் பற்றிக் கேட்டால் நிறுத்த முடியாது. பெண்கள் "எனக்கென்ன இருக்கு" என்பார்கள். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று போனை நீட்டினால் இன்னும் மோசம்.

முக்கூடல் பக்கம் எங்கள் பெரியம்மா ஒருத்தி இருக்கிறாள். எண்பது கடந்தாயிற்று. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றியவள்.

"எனக்கென்னலே கதை கெடக்கு? பீடி சுத்துனேன், பிள்ளையளப் பெத்தேன், கட்டிக் குடுத்தேன். அம்புட்டுத்தான்."

"சுத்த யாரு பெரியம்மா படிச்சுக் குடுத்தா?"

"எங்க மைனிதான். வேற யாரு?"

அவ்வளவுதான் நான் கேட்டது. பக்கத்தில் தொங்கிய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தாள். ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பது, விடிந்ததும் தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டுவது என்று சொல்லிக்கொண்டே அந்தத் தாளை இரண்டு கை விரலுக்கும் நடுவில் உருட்டினாள். பார்வை என் மேல் இருக்கிறது, விரல் தானாக ஓடுகிறது. கட்டைவிரல் நகத்தால் முனையை மடக்கி அழுத்தினாள், இல்லாத நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்தாள். மடியில் காலண்டர் தாளில் ஒரு பீடி கிடந்தது.

"மொத மொத நான் சுத்துனதெல்லாம் வண்டு வண்டா இருக்கும். கடைக்காரன் ஒடிச்சுக் கழிச்சுப் போட்டுருவான். கூலி கெடையாது. வீட்ல எங்க அம்மா ஏசுவா. எங்க மைனி என்ன செஞ்சா தெரியுமா, அவ சுத்துனதுல கொஞ்சத்த எடுத்து என் கட்டுக்குள்ள வச்சிட்டா. ஒரு மாசத்துக்கு. எங்க அண்ணனுக்கே தெரியாது. நானும் இன்னைக்கு வரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல."

அந்த மைனி செத்து வருஷங்கள் ஆகிறது. இப்படி ஒரு காரியம் அவள் செய்ததாக அவள் பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. நோட்டில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, முதியவர்களிடம் கேட்கும்போது கைக்கு வேலை கொடுங்கள். கீரை ஆயட்டும், பூக் கட்டட்டும், அப்பளம் இடட்டும். நேருக்கு நேர் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். யார் கற்றுக் கொடுத்தது, முதல் கூலி எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தீர்கள், கல்யாணத்துக்கு வந்தபோது பெட்டிக்குள் என்ன இருந்தது, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எதைத் தின்ன ஆசைப்பட்டீர்கள், கிடைத்ததா. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அழுதவர்கள் உண்டு. அழுதால் போனை அணைத்துவிடுங்கள். தண்ணீர் கொடுங்கள். அன்றைக்கு அதற்கு மேல் கேட்கக் கூடாது.

சாப்பாட்டு வழியாகவும் போகலாம். உளுந்தங்களி கிண்டின நாள், சொதிக் குழம்பு வைத்த மறுவீடு, கூட்டாஞ்சோறு. நாக்குக்கு இருக்கிற ஞாபகம் பல பேருக்குத் தலையில் இல்லை. மறதி நோய் வந்தவர்களிடம் தேதி கேட்டுத் துன்பப்படுத்தாதீர்கள். ஒரே கதையை ஒவ்வொரு விதமாகச் சொன்னால் ஒவ்வொன்றையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம்.

எழுத்து நடை பற்றிக் கேட்பார்கள். மைனியை அண்ணி என்று மாற்ற வேண்டாம், அவ்வளவுதான் என் யோசனை.

வில்லங்கம்

சொத்துக்கு வில்லங்கம் பார்ப்போம், யாருக்கு எவ்வளவு அடமானம் என்று. வாழ்க்கைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாரிடம் வாங்கித் தின்றோம், யார் காலேஜ் பீஸ் கட்டினார்கள், யார் ஜாமீன் போட்டார்கள். பெயர், ஊர், தொகை. திருப்பிக் கொடுத்ததா இல்லையா. இதை எழுதும்போது பல பேருக்குக் கை நிற்கும். நிற்கட்டும், நாளைக்கு எழுதலாம். ராத்திரியில் எழுத வேண்டாம் என்பது என் கட்சி. விளக்கு வைத்த பிறகு பழசைக் கிளறினால் தூக்கம் போகும். காலையில், வெளிச்சத்தில், ஒரு பக்கமோ அரைப் பக்கமோ.

சண்டைகளை எழுதலாமா? எழுதலாம். நடந்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். "அவன் துரோகி" என்பது தீர்ப்பு. "பங்கு பிரித்தபோது கிணற்றுப் பக்கம் அவனுக்குப் போனது, நடைபாதைக்கு வழி விடவில்லை" என்பது நடந்தது. அடுத்தவர் உங்களை நம்பிச் சொன்ன ரகசியம் உங்கள் சொத்து அல்ல, அதை எழுதக் கூடாது. குறிப்பாக, பெண் பிள்ளைகளின் விஷயம். அவர்கள் உயிரோடு இருந்தால் கேட்டுவிட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தொழில் புத்தி சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோட்டில் "வீடு இன்னாருக்கு" என்று எழுதி வைக்காதீர்கள். பிள்ளைகளுக்குள் வீண் வழக்கு வரும். சொத்து பற்றிய ஆசை இருந்தால் தனியாக உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். உயில்படி சொத்து யாருக்குப் போகிறதோ அவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். கடைசியாக எழுதியதுதான் செல்லும். செட்டில்மெண்ட் அப்படியல்ல, எழுதிப் பதிந்த உடனே சொத்து கை மாறிவிடும். கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த நிபந்தனையைப் பத்திரத்துக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில், பிள்ளைகள் கவனிக்காவிட்டால் அப்படிக் கொடுத்ததை ரத்து செய்யக் கேட்க வழி இருக்கிறது. நிபந்தனை எழுத்தில் இருந்தால் உங்கள் பக்கம் பலம். வாயால் சொன்ன வாக்குறுதியை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டுத் திண்ணையில் தட்டு ஏந்தினவர்களுக்கு நான் மனு எழுதியிருக்கிறேன்.

பத்திரப்படுத்துவது

ஒரு நோட்டு முடிந்ததும் ஜெராக்ஸ் எடுத்து வேறு ஊரில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்புங்கள். எல்லாப் பிரதியும் ஒரே வீட்டு பீரோவில் இருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பிரதியும் பத்துப் பிரதியும் ஒன்றுதான். போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. பழைய காகிதங்களை லாமினேஷன் போடாதீர்கள், ஒட்டினால் பிரிக்க முடியாது, உள்ளே எழுத்து கெட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. நனைந்தால் வெயிலில் காயப்போடாதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில், தாளுக்குத் தாள் வெள்ளைக் காகிதம் செருகிக் காய வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு எங்கள் வீட்டில் வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடுவோம்.

இனி இடது பக்கம். அது சாட்சிகளுக்கு. உங்கள் கூடப் பிறந்தவர்கள், கூடப் படித்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசித்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்ததை எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும். "மாட்டை வெள்ளத்துக்கு முந்தியே வித்தாச்சு" என்று தங்கை எழுதுவாள், நீங்கள் வெள்ளத்தில் போனது என்று எழுதியிருப்பீர்கள். இரண்டும் இருக்கட்டும்.

இதற்கு நல்ல சமயம் கோயில் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா. பம்பாய், சென்னை, திருப்பூர் என்று போனவர்களெல்லாம் அம்மன் கொடைக்கு வந்துதான் ஆக வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தார்சாவில் சாய்ந்திருக்கிற நேரம் பார்த்து நோட்டை நடுவில் வைத்துவிடுங்கள். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் எவனாவது பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். போன கொடைக்குப் பெரியத்தை மகன் வந்திருந்தான், எழுபது வயது. அண்ணன் சைக்கிள் வாங்கின பக்கத்தை வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எதிரே எழுதியிருக்கிறான்: "சைக்கிள் எங்க அய்யாவோடது. ராலே. ஒரு வாரத்துக்குன்னு வாங்கிட்டுப் போனாவ. டைனமோ மட்டும் திரும்பி வந்துச்சு." அண்ணன் அதற்குக் கீழே, "டைனமோவும் நான் வாங்கிப் போட்டதுதான்" என்று எழுதினார். இப்படி எழுதினால் அடிக்க விடாதீர்கள். இருவரையும் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.